வனராசாவின் பின் விளக்கு

அக்டோபர் 13, ஞாயிறு. ஆயுத பூசை

உரக்கடையில் கொடுத்த டைரி இது. ஆயில் மாற்றியது, ஸ்பிரிங் பட்டை போட்டது, டயருக்கு ஒட்டுப் போட்டது தவிர சனவரியிலிருந்து இதில் வேறொன்றும் நான் எழுதியதில்லை. இன்று பூசை என்பதால் இரண்டு வரி கூடுதலாக எழுதலாம்.

இரண்டு ஜீப்பையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினோம். என்னுடையது எண்பத்தெட்டு மாடல். மச்சினன் வனராசாவுடையது ஐம்பத்தெட்டு மாடல் வில்லீஸ். என் மாமனார் ஓர் எஸ்டேட் துரையிடம் வாங்கியது. போடியிலிருந்து மலைக்கு மேலே ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பெண்களை, வண்டிக்குப் பதினாலு பேராக, காலையில் ஏற்றிப்போய்ச் சாயங்காலம் இறக்குவது எங்கள் தொழில். என் மனைவி அன்னக்கொடிதான் ஆள் சேர்க்கும் கங்காணி. என் வண்டியில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து வருவாள். வனராசா முன்னால் போவான், நான் பின்னால். பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் அப்படித்தான். மேகம் இறங்கிவிட்டால் அவன் வண்டியின் சிவப்பு விளக்கு ஒன்றுதான் எனக்குப் பாதை.

வில்லீஸுக்குப் பூசைக்காகப் புதுப் பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறான். விளக்குக் கிண்ணத்தைக்கூட விடவில்லை. பார்க்க மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. குங்குமம்தான் இந்த வருடம் படு மட்டம். அன்னக்கொடி நெற்றியில் வைத்திருப்பதே தெரியவில்லை. கடைக்காரன் எதையோ கலக்கிறான்.

அக்டோபர் 15, செவ்வாய்

மேகம் இல்லை. போக வர நன்றாக இருந்தது. ஆயில் கால் லிட்டர் ஊற்றினேன்.

அக்டோபர் 16, புதன்

இன்று ஒரு கண்டம் தப்பியது.

இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் நல்ல மேகம். வனராசா அங்கே வண்டியை நிறுத்தியிருக்கிறான், எதிரே பஸ் வருகிறதென்று. எனக்கு முன்னால் வெறும் வெள்ளை. அன்னக்கொடி “ஏங்க, ஏங்க, நில்லுங்க!” என்று அலறினாள். மிதித்தேன். வில்லீஸின் பின்பக்கத்துக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அவன் வண்டியின் பின்படியில் நின்றுகொண்டு வந்த ஒரு பெண் காலைத் தூக்கிக்கொண்டாள். அந்தக் காலைத்தான் இப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இறங்கிப் போய் அவனைப் பார்த்துக் கத்தினேன். “எருமமாடு மாதிரி நடுவுல நிக்கிற, பின்னால ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. ஆளக் கொல்லப் பாக்குறியா மாப்ள?”

“பிரேக்க மிதிச்சுட்டுத்தான மாமா நின்னேன். எரிஞ்சிருக்குமே.”

“எரிஞ்சா எனக்குத் தெரியாதா?”

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

வில்லீஸின் பின் விளக்கு இரண்டையும் கழற்றினேன். இதில் முதல் ஆச்சரியம், வனராசா விட்டதுதான். அந்த வண்டியின் ஸ்டெப்னி மேல் யாராவது சாய்ந்து நின்றால்கூட அவனுக்குப் பிடிக்காது. “கழட்டுங்க மாமா” என்று ஸ்குரூடிரைவரை அவனே எடுத்துக் கொடுத்தான்.

கண்ணாடியைப் பிடித்திருக்கும் இரண்டு திருகும் துரு ஏறி இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, தலை தேயாமல் மெல்ல அசைத்து எடுத்தேன். உள்ளே ரப்பர் வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பல்பை அமுக்கித் திருப்பி எடுத்துவிட்டு, கிண்ணத்தைப் பாடியோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றியதும் கோளாறு தெரிந்துபோனது. ஜீப்பின் விளக்குக்கு ஒரு வயர்தான் போகும். திரும்பும் கரண்டு பாடி வழியாகப் போகவேண்டும். அதற்கு இரும்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இந்தப் புண்ணியவான் பூசைக்காக விளக்கைக் கழற்றி, கிண்ணத்தின் முதுகு, பாடி, போல்ட் ஓட்டை எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்து மாட்டியிருக்கிறான். வலது விளக்குக்குச் சுத்தமாக எர்த்து இல்லை.

“வண்டிக்கு அலங்காரம் பண்றேன்னு கண்ண அவிச்சு வச்சிருக்கியேடா” என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். எனக்கு ஐந்து நாளாக அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் வந்தது. கோளாறு விளக்கில்தான்.

உப்புத்தாள் போட்டுப் பெயிண்டைத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு மாட்டினேன். நம்பிக்கை இல்லாமல் தனியாக ஓர் எர்த்து வயரும் இழுத்துக் கொடுத்தேன். ரப்பருக்குப் பதிலாகப் பழைய டியூபை வட்டமாக வெட்டிப் போட்டாயிற்று.

“தகதகன்னு எரியுது மாமா” என்றான்.

எனக்குப் பரவாயில்லை என்கிற அளவில்தான் தெரிந்தது. வெயில் காரணமாக இருக்கும்.

விளக்கு: சுமார்.

அக்டோபர் 21, திங்கள்

மங்கல்தான். எர்த்து சரி, வயர் சரி, பேட்டரி சரி. ஆனாலும் ஆறாவது வளைவுக்குக் கீழே மேகத்தில் அவன் விளக்கு இருக்கிறதா இல்லையா என்று தேடிக்கொண்டே இறங்கினேன். ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது.

இதில் அன்னக்கொடியின் வாய் வேறு. முன்பெல்லாம் ஏறியதும் தூங்கிவிடுகிறவள், இந்த வருடம் என்னவோ வழி முழுக்க வளவளவென்று பேசிக்கொண்டு வருகிறாள். “தம்பி நின்னுட்டான் பாருங்க”, “அந்தா, இடிஞ்ச சுவரு வந்துருச்சு”, “எதுத்தாப்ல பால் வண்டி, அவன் ஓரங்கட்டவே மாட்டான்.” எனக்குத் தெரியாதா? முப்பது வருடமாக ஓட்டுகிற ரோடு. “கொஞ்சம் வாய மூடிட்டு வா” என்றேன். ஒரு வளைவுக்குச் சும்மா இருந்தாள். பிறகு மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

அக்டோபர் 24, வியாழன்

பெண்கள் காட்டில் காய் பறிக்கிற நேரத்தில் எங்களுக்கு எஸ்டேட் வாசலில் வேலை கிடையாது. இரண்டாவது தடவை விளக்கைக் கழற்றினேன். பல்புக்குப் பின்னால் இருக்கும் வெள்ளித் தகடு கருத்துப்போயிருந்தது. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளை நீவி, வட்டமாக வெட்டி ஒட்டினேன். பழைய மெக்கானிக்குகள் செய்கிற வேலை இது.

மாட்டிவிட்டுப் பத்தடி தள்ளிப் போய்ப் பார்த்தேன். “எரியுதாடா?” என்று நானே அவனைக் கேட்டேன். “எரியுது மாமா” என்று மெதுவாகச் சொன்னான். ஏன் மெதுவாகச் சொல்ல வேண்டும்?

ஈஸ்வரி என்கிற பெண் ஆறு வருடமாக என் வண்டியில் வருகிறவள். இன்று வனராசா வண்டியின் பின்படியில் தொற்றிக்கொண்டு போனாள். என் வண்டியில் இடம் இருந்தது. ஏனென்று கேட்கவில்லை, பதில் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

விளக்கு: மங்கல்.

அக்டோபர் 27, ஞாயிறு

மூன்றாவது தடவை. தேனிக்குப் போய்ப் புதுப் பல்பு, புதுச் சிவப்புக் கண்ணாடி வாங்கிவந்தேன். கண்ணாடியே வெளுத்துப்போய்த்தான் விற்கிறான். “வேற நல்ல செவப்பா இல்லியா?” என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்து, “இதுக்கு மேல செவப்புன்னா ரத்தத்தத்தான் ஊத்தணும்ணே” என்றார்.

வெயிலில் சரியாகத் தெரியாது என்பதால் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, விளக்குக்கு ஒரு முழம் தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்தேன். வனராசா உள்ளே பிரேக்கை மிதித்தான். எதிர்வீட்டுக்காரி, “என்ன அன்னம், ஒம் புருசன் சாக்குக்குள்ள சாமி கும்புடுறாரா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அன்னக்கொடி சிரிக்கவில்லை.

சாக்குக்குள் இருட்டு. அந்த விளக்கு ஆறிப்போன அடுப்பு மாதிரி தெரிந்தது. இடது கண்ணை மூடினால் ஒரு மாதிரி, வலது கண்ணை மூடினால் வேறு மாதிரி. சாக்கில் தூசி அதிகம். கண்ணைக் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன்.

வாசலில் காயப்போட்டிருக்கும் மிளகாய் வற்றலும் இந்த முறை நிறமே இல்லை.

விளக்கு: மங்கல்.

அக்டோபர் 31, வியாழன்

சாயங்காலம் மூன்று மணி ஆனாலே வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன். மேகம் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். முப்பது வருடத்தில் நான் இந்த ரோட்டுக்குப் பயந்ததே இல்லை. இப்போது பயப்படுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாததால் இதில் எழுதுகிறேன்.

இன்று பதினோராவது வளைவில் வண்டியை ஓரங்கட்டினேன். இஞ்சின் சூடாகிவிட்டது என்று சொல்லி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, மேகம் விலகும் வரை முக்கால் மணி நேரம் நின்றேன். வனராசா முன்னாலிருந்து நடந்துவந்தான். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான். என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

ரேடியேட்டரில் தண்ணீர் சரியாகத்தான் இருந்தது.

நவம்பர் 2, சனி. தீபாவளி

அன்னக்கொடிக்கு நானே போய்ச் சேலை எடுத்திருந்தேன். ஐம்பது வயதுக்காரிக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று மரக்கலரில் பார்த்து எடுத்தது. பிரித்துப் பார்த்துவிட்டு, “என்னங்க, கல்யாணப் பொண்ணு கணக்கா இப்படிச் செக்கச்செவேல்னு எடுத்துட்டு வந்துருக்கீங்க?” என்றாள்.

ஜவுளிக்கடைக் குழல்விளக்கில் எந்த நிறமும் சரியாகத் தெரியாது. அதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் சேலையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டிக்கொண்டு வந்தாள். அழுதமாதிரி இருந்தது. பட்டாசுப் புகையாக இருக்கும்.

நவம்பர் 5, செவ்வாய்

நான்காவது தடவை கழற்றப் போனேன். வனராசா ஸ்குரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றான்.

“மாமா, ஒரு ரெண்டு நாளு வண்டிய நிப்பாட்டிட்டு மதுரைக்குப் போய்ட்டு வருவமா?”

“எதுக்கு?”

“சும்மாதான். கண்ணாஸ்பத்திரில ஒரு தடவ...”

“யாருக்குடா கண்ணு கெட்டுப்போச்சு? ஒன் வண்டிக்குத்தான் கெட்டுப்போச்சு. குடுறா அத.”

கொடுத்தான். நான் கழற்றி, துடைத்து, அப்படியே மாட்டினேன். செய்வதற்கு அதில் ஒன்றும் பாக்கி இல்லை.

அன்னக்கொடிக்கு இருமல். தீபாவளிப் பலகாரமும் மலைக்காற்றும்.

நவம்பர் 7, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதவேண்டும்.

காலையில் அன்னக்கொடிக்குத் தொண்டை அடியோடு கட்டிவிட்டது. வெறும் காற்றுதான் வந்தது. “வீட்ல கெட” என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டாள். ஏறும்போது மேகம் இல்லை.

திரும்பும்போது உச்சியிலேயே மேகம். முதல் இரண்டு வளைவு ஒருவாறு இறங்கினேன். மூன்றாவதில்தான் வண்டிக்குள் சத்தமே இல்லை என்பது உறைத்தது. தம்பி நின்றுவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை. இடிந்த சுவர் வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் வெள்ளையும் சாம்பலும் தவிர ஒன்றும் இல்லை. சுவர் எங்கே, பள்ளம் எங்கே, வனராசா எங்கே? பின்னால் பதினாலு பெண்கள் யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

அப்போது அவள் கை என் இடது தொடையில் விழுந்தது. அழுத்தினாள். ஏனென்று தெரியாமலே பிரேக்கை மிதித்தேன். அடுத்த கணம் எதிரே ஒரு லாரி எங்களை உரசுகிறமாதிரி போனது. கை தளர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் விரல்கள் என் தொடையை வலப்பக்கமாகத் தள்ளின. திருப்பினேன். வளைவு அங்கேதான் இருந்தது. மறுபடி அழுத்தினாள். நின்றேன். வில்லீஸ் முன்னால் நின்றிருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. கை தளர்ந்ததும் நகர்ந்தேன்.

இப்படி நான்கு வளைவு இறங்கினோம். அந்தக் கை பழகிய கை. இன்றைக்குப் புதிதாக ஆரம்பித்தது இல்லை. அந்த வளவளப் பேச்சு முழுக்க இதுதான் என்று ஏழாவது வளைவில் எனக்குப் புரிந்தது.

மலைச்சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தினேன். சாவியைத் திருப்பி எடுத்தேன்.

“எல்லாரும் எறங்குங்க.”

“என்னாச்சுண்ணே, மறுபடி சூடாயிருச்சா?” என்றாள் மொக்கத்தாய். வண்டியிலேயே மூத்தவள் அவள்.

இஞ்சின் சூடு என்று சொல்லியிருக்கலாம். வாயில் அதுதான் வந்தது. பின்படியில் நின்று காலைத் தூக்கிக்கொண்ட அந்தப் பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

“எனக்குக் கண்ணு தெரியல” என்றேன்.

சிரிப்புப் பேச்செல்லாம் நின்றது. எல்லாரும் இறங்கிச் சுவரோரம் நின்றார்கள். மொக்கத்தாய் என் முகத்துக்கு நேரே வந்து நின்று கேட்டாள்.

“அப்ப இத்தன நாளா யாருண்ணே வண்டி ஓட்டுனது?”

நான் அன்னக்கொடியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மொக்கத்தாய் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். கையில் இருந்த தூக்குவாளியை அப்படியே ரோட்டில் வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் மகளும் அதே வண்டியில்தான் வந்தாள்.

வனராசா திரும்பிவந்து, தன் வண்டி ஆட்களை அடிவாரத்தில் இறக்கிவிட்டு எங்களுக்காக வருவதாகச் சொல்லிப் போனான். காத்திருந்தபோது எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. மேலேயிருந்து ஏதாவது வண்டி வந்தால் இந்த மேகத்தில் என் ஜீப் ஓட்டுகிறவனுக்குத் தெரியுமா? விளக்கைப் போட்டேன்.

“பின்னால எரியுதா, பாருத்தா” என்றேன் மொக்கத்தாயிடம்.

போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். “வலது எரியுது. எடது செத்துக் கெடக்கு.”

மூன்று வாரமாக வனராசாவின் விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்த நான், என் வண்டியின் பின்பக்கம் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. பெண்களை ரோட்டை விட்டுத் தள்ளி, பாறை இடுக்கில் ஏறி நிற்கச் சொன்னேன். அன்னக்கொடி தன் தீபாவளிச் சேலையின் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் இருபதடி தள்ளிச் சுவரோரம் நின்றாள். மேலேயிருந்து இரண்டு லாரி வந்தன. இரண்டும் அவளைப் பார்த்துவிட்டு நிதானித்துப் போயின.

நவம்பர் 8, வெள்ளி

வண்டி எடுக்கவில்லை. நேற்று மேகம் விலகிய பிறகு என் ஜீப்பையும் வனராசாதான் இறக்கிக் கொண்டுவந்தான்.

அவளைக் கேட்டேன். “எப்பருந்து தெரியும்?” விரலை மடக்கி ஏழு மாதம் என்று காட்டினாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. “பதினாலு பேர வச்சுக்கிட்டு, ஏழு மாசம்! ஏதாச்சும் ஒன்னு நடந்திருந்தா?”

தொண்டையைப் பிடித்துக்கொண்டு காற்றாகப் பேசினாள். “நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். தெனம் இன்னிக்குச் சொல்லுவீங்க, இன்னிக்குச் சொல்லுவீங்கன்னு... வண்டி இல்லேன்னா நீங்க என்ன ஆவீங்கன்னு பயமா இருந்துச்சு.”

“தப்பு அன்னம்.”

“தப்புதான்” என்றாள். “ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். இதை எழுதாமல் இந்த டைரியை மூடமுடியாது. பெயிண்டைத் தேய்த்து எர்த்து கொடுத்த அன்றே அவன் விளக்கு சரியாகிவிட்டது. அது எனக்கு அன்றே தெரியும். அதற்குப் பிறகு நான் கழற்றியதெல்லாம் கோளாறு விளக்கில்தான் என்று காட்டுவதற்காகக் கழற்றியது. அவளை நான் திட்டுவதற்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வனராசாவுக்கு செப்டம்பரிலேயே சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து எனக்காகத் தேவையில்லாத இடத்திலெல்லாம் பிரேக்கை மிதித்து விளக்கைக் காட்டிக்கொண்டே இறங்கியிருக்கிறான்.

நவம்பர் 9, சனி

அன்னக்கொடி ஆள் கூப்பிடப் போனாள். பதினாலு பேரில் ஒன்பது பேர்தான் திங்கட்கிழமை வருகிறேன் என்றார்கள். மொக்கத்தாய் கதவைத் திறக்கவில்லை. நானும் போனேன். வாசலில் நின்று, “தப்புப் பண்ணிட்டேன்” என்றேன். உள்ளேயிருந்து, “போங்கண்ணே, இப்பப் பேசுனா எதாச்சும் சொல்லிப்புடுவேன்” என்று மட்டும் குரல் வந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

நாளையிலிருந்து என் வண்டியைச் சின்னமனூரைச் சேர்ந்த கணபதி என்பவர் ஓட்டுகிறார். நாளைக் காலை பஸ்ஸில் எனக்கு மதுரை. கூட அன்னக்கொடி வருகிறாள். கண் திரும்புமா திரும்பாதா என்று கண்ணாஸ்பத்திரியில்தான் சொல்லவேண்டும். பயமாக இருக்கிறது. வளைவில் வந்த பயத்தைவிட இது வேறு. ஆனால் இதில் என்னோடு யாரும் சாகப்போவதில்லை.

இன்று என் ஜீப்பின் பின் விளக்கைக் கழற்றினேன். திருகு துரு. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவுவது எளிதாக இருந்தது. பல்பைத் தாங்கும் ஸ்பிரிங் உளுத்துப்போய்க் கிடந்தது. வனராசா புதியது கொண்டுவந்து கொடுத்தான். எர்த்துப் பிடிக்கிற இடத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். போதுமா என்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். மாட்டிவிட்டு உள்ளே ஏறிப் பிரேக்கை மிதித்தேன்.

அன்னக்கொடி வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். தொண்டை பாதி திறந்திருக்கிறது.

“எரியுதா?”

“எரியுது.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

“எப்படி?”

“நீங்க எடுத்துக் குடுத்த சேல மாதிரி” என்றாள்.

நான் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. அவள் சொன்னதை எழுதிக்கொள்கிறேன்.

விளக்கு: எரிகிறது.